கேட்டுக்குள் அரம் கூடாது

விஸ்வநத்தத்திலிருந்து சிவகாசிப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தோள்பை ஒரு பக்கமாக இழுத்தது. உள்ளே இரண்டு சட்டை, ஒரு போர்வை, ஒரு கைலி. கைலியில் சுற்றி வைத்திருந்தது மரம் அறுக்கும் மெசினின் செயின். அதன் எண்ணெய் கைலியைத் தாண்டி, பையைத் தாண்டி, என் சட்டையில் இறங்கி இடுப்பில் ஒட்டியது. மதியம் ஒன்றரை மணி இருக்கும். என்னைத் தவிர அந்தச் சாலையில் நடப்பவர் யாரும் இல்லை.

எனக்குப் பின்னால், ஒரு பட்டாசுக் கம்பெனியின் வேலிக்குள், வேப்பமரத்தடியில் என் கூட்டாளி தூங்கிக்கொண்டிருந்தான். சாப்பிட்டதும் அரைமணி நேரம் கண்ணை மூடுவது அவன் வழக்கம். விழித்ததும் மெசினைத் தூக்குவான், செயின் இருக்காது. அதற்குள் பஸ் ஏறிவிட வேண்டும் என்று வேகமாக நடந்தேன். அந்தச் செயின் அவன் கையில் இன்னொரு நாள் ஓடக்கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு திட்டம் எதுவும் இல்லை.

கூட்டாளிக்கு ஒரு கண்தான் உண்டு. இடது கண் இருபது வயதில் போனது. இதே சுற்றுவட்டாரத்தில் வேறொரு கம்பெனியில், வெடிமருந்து கலக்கும் ரூம் வெடித்தபோது அதன் வாசலில் நின்றிருக்கிறான். உள்ளே இருந்தவர்களைப் பற்றி அவன் பேசுவதில்லை. தன் கண்ணைப் பற்றி நிறையப் பேசுவான். "பஸ்ல எனக்கு அரை டிக்கெட்டுதான் கேக்கணும், பாதிதானல பாக்கேன்" என்று கண்டக்டரிடமே சொல்வான். கண்டக்டர் சிரித்தால் அன்று முழுவதும் அவனுக்குச் சந்தோஷம்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அதன்பிறகு எங்கும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றினேன், காரியாபட்டிப் பக்கம் கரிமூட்டத்தில் நின்றேன். ஒரு ஏஜென்ட் மூலம் மலேசியா போய் ஒரு மரக் கம்பெனியில் பதினோரு மாதம் கிடந்தேன். திரும்பி வந்தபோது கையில் எதுவும் இல்லை, முதுகில் ஒரு தழும்பு இருந்தது. அந்த மரக் கம்பெனியில் பார்த்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும்.

அங்கே மரத்தை ஆள் அறுப்பதில்லை. புல்டோசர் போன்ற ஒரு வண்டி வரும். அதன் நீண்ட கை மரத்தைக் கட்டிப்பிடித்து, அறுத்து, கிளை கழித்து, துண்டு போட்டுவிடும். அந்தக் கைக்குள் ஓடுவது தடித்த செயின். நம் கையில் பிடிக்கும் மெசினின் செயினைப்போல இரண்டு மடங்கு கனம் இருக்கும். ஓட்டுகிறவர் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். முன்னால் கட்டைவிரல் தடிமனுக்குக் கண்ணாடி. அதில் ஓர் இடத்தில் நட்சத்திரம் போல வெடிப்பு இருந்தது. என்ன என்று கேட்டேன். அவர் தமிழ் பேசுகிறவர். செயின் அறுந்து ஒரு கண்ணி பறந்து வந்தது என்றார். துப்பாக்கிக் குண்டின் வேகம் அதற்கு. செயின் சுற்றும் வரிசைக்கு நேராக ஒருத்தரும் நிற்கக் கூடாது, வண்டி ஓடும்போது நூறடிக்குள் வராதே என்றார். அந்தக் கண்ணாடி இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. வெடிப்பு அவர் முகத்துக்கு நேராகத்தான் இருந்தது.

தீபாவளி முடிந்தபிறகு பட்டாசுக் கம்பெனிகள் கொஞ்ச நாள் மூடிக்கிடக்கும். அப்போதுதான் வெள்ளையடிப்பது, ஓடு மாற்றுவது, ரூம்களைச் சுற்றி மண்டிய சீமைக்கருவேலத்தை வெட்டுவது எல்லாம் நடக்கும். வெட்டாமல் விட்டால் ஆய்வுக்கு வரும் ஆபீசர்கள் கேள்வி கேட்பார்கள். எங்களுக்கு வேலை கொடுத்த காண்ட்ராக்டரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். மரம் வெட்டுவது, வெட்டிய மரத்தைக் கரிமூட்டத்துக்கு விற்பது, பழைய இரும்பு வாங்குவது என்று பல வேலை பார்ப்பவர். கூட்டாளி மெசின் ஓட்டுவான். நான் கவட்டைக்கம்பால் முள்கிளைகளைத் தள்ளி ஒதுக்குவேன்.

அந்தக் கம்பெனியின் போர்மேன் நெற்றி நிறையத் திருநீறு பூசியவர். குரலை உயர்த்தவே மாட்டார். முதல் நாள் கேட்டில் எங்களை நிறுத்தினார். பீடி, தீப்பெட்டி, செல்போன் எல்லாவற்றையும் வாட்ச்மேன் வாங்கி வைத்தார். பிறகு கூட்டாளியின் சட்டைப் பையிலிருந்த உருண்டை அரத்தைப் போர்மேன் இரண்டு விரலால் உருவினார்.

"இது எதுக்குப்பா?"

"செயினுக்குப் பல்லு தீட்டணும்ல, அதுக்குத்தான்."

"கேட்டுக்கு வெளிய வந்து தீட்டிக்கோங்க. இரும்ப இரும்பால தேய்க்கிற சோலி இந்த வேலிக்குள்ள கூடாது."

"மெசினே இரும்புதான அய்யா?" என்றேன்.

"ரூமெல்லாம் கழுவிவிட்டாச்சு. மெசினுக்கு மொதலாளி சம்மதிச்சிட்டாக. கூடவே ஒராளு தண்ணி வாளியோட நிப்பாரு. அரத்துக்கு நான் சம்மதிக்கல."

அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த ஊரில் இரும்புக்குப் பயப்படப் பிள்ளையிலிருந்தே பழகுகிறார்கள். மருந்து ரூமில் இரும்புக் கரண்டி கிடையாது, செருப்பு கிடையாது, பெண்கள் கொண்டை ஊசியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அரம் தேய்க்கும் சத்தம் கேட்டாலே அவர்களுக்கு முதுகு கூசும்.

ஆனால் கருவேலம் சாதாரண மரம் இல்லை. அடிமரத்தில் மண்ணும் பொடிக்கல்லும் ஏறியிருக்கும். பத்து நிமிடம் அறுத்தால் பல் மழுங்கிவிடும். பெட்ரோல் ஊற்ற ஒருமுறை வெளியே போனால் அரம் போட நாலு முறை போக வேண்டியிருந்தது. கடைசி ரூமிலிருந்து கேட்டுக்கு நீண்ட நடை. திரும்பும்போது ஒவ்வொரு தடவையும் சோதனை. இப்படியே மூன்று நாள் போனது. வேலை பாதிகூட முடியவில்லை. அண்ணாச்சி கேட்டில் நின்று நாங்கள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தீட்டாம ஓடுற செயின் இல்லையால?" என்றார்.

"கல்லு மாதிரி மரம் அண்ணாச்சி. எந்தச் செயினும் மழுங்கத்தான் செய்யும்" என்றான் கூட்டாளி.

நாலாம் நாள் காலை அண்ணாச்சியே ஒரு செயினைக் கொண்டுவந்தார். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, மலேசியாவில் பார்த்த வண்டிக்குள் ஓடிய அதே செயின். தூத்துக்குடியில் ஏலத்தில் எடுத்த கப்பல் சாமான்களோடு அதுவும் வந்திருக்கிறது. அளவாகக் கோத்த வளையம் ஒன்று, கோக்காத முழு ரோல் ஒன்று. நம் மெசினில் செயின் ஓடும் நீண்ட பட்டையின் பள்ளம் அதற்குக் குறுகலாக இருந்தது. லேத்துப் பட்டறையில் கொடுத்து பள்ளத்தை அகலப்படுத்தி, பல்சக்கரத்தையும் வேறு செய்து மாட்டியிருந்தார்.

"எம்புட்டுக் கனமா இருக்கு பாரு. நாள் பூரா ஓடும், அரமே வேண்டாம்" என்று கூட்டாளியின் கையில் வைத்தார்.

அவர் சொன்னது பொய்யாகவில்லை. வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. காலையிலிருந்து மதியச் சாப்பாடு வரை ஒரு தடவைகூட அரத்துக்கு நடக்கவில்லை. போர்மேன் வந்து பார்த்து, "இப்பத்தான் ஒழுங்கா வேல பாக்கீக" என்று சொல்லிப் போனார். கூட்டாளி மெசினைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த நடையே மாறியிருந்தது.

எனக்குத்தான் அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. மெசின் மூச்சு வாங்குவது போல இழுத்தது. அந்தக் கனத்தைச் சுழற்ற அதற்குப் பலம் போதவில்லை. எண்ணெய் செயினுக்குச் சரியாகப் போய்ச் சேராமல் பட்டையின் நுனி சூடேறி நீலம் பாய்ந்தது. அகலப்படுத்திய பள்ளத்துக்குள் செயின் உரசி உரசி ஓடியது. அரம் கூடாது என்ற போர்மேனின் கேட்டுக்குள், ஒரு நொடிக்கு எத்தனையோ முறை இரும்பு இரும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது. வாளி வைத்திருந்த ஆள் கருவேல நிழலில் குந்தி, வாளித் தண்ணீரில் முகம் கழுவினார். கழுவிவிட்டார்கள் என்றாலும் ரூம்களின் வாசல் வெடிப்புகளில் பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி மினுங்கிக்கொண்டுதான் இருந்தது.

ஆறாம் நாள் ஓர் அடிமரத்துக்குள் பழைய வேலிக்கம்பி இருந்திருக்கிறது. மெசின் ஒரு குதி குதித்தது. கூட்டாளியின் கைகள் தலைக்கு மேல் போய் வந்தன. செயின் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். அறுந்திருக்கவில்லை. ஒரு பல் மட்டும் முறிந்து போயிருந்தது. எங்கே போனது என்று தேடினேன். பக்கத்து ரூமின் மரக்கதவில், என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. விரல் நகம் அளவுத் துண்டு. பலகைக்குள் முழுதாகப் புதைந்து, முனை மட்டும் தெரிந்தது. அதைப் பிடுங்க முடியவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கவட்டைக்கம்போடு அந்தக் கதவை ஒட்டித்தான் நின்றிருந்தேன்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சியைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

"அண்ணாச்சி, இது பெரிய வண்டிக்கு உள்ள செயின். ஓட்டுற ஆளு கண்ணாடிக் கூண்டுக்குள்ள இருப்பாரு. கையில பிடிச்சு ஓட்டுற மெசினுக்கு இது ஆகாது. அறுந்தா ஆளக் கொன்னுரும்."

"கண்ணாடிதானல? நம்மாளுக்கும் ஒரு கூலிங்கிளாசு வாங்கிப் போட்டுட்டாப் போச்சு."

"எனக்கு ஒத்தக் கண்ணாடி போதும் அண்ணாச்சி, பாதி வெலைக்குக் குடுப்பாக" என்றான் கூட்டாளி.

வாட்ச்மேன் சிரித்தார், வாளிக்காரர் சிரித்தார், அண்ணாச்சியும் சிரித்தார். போகும்போது, "ஒரு பல்லுதான போச்சு, மிச்சம் அம்புட்டும் இருக்குல்ல. நாலு நாள்ல முடிச்சிருங்க" என்றார்.

மறுநாள் மதியம் வேப்பமரத்தடியில் தூக்குவாளியைத் திறந்துவைத்துக்கொண்டு அவனிடம் பேசினேன்.

"மாப்ள, பழைய செயினையே போடு. நீ நடக்க வேண்டாம். நான் மெசினத் தூக்கிட்டுப்போய் தீட்டிக் கொண்டாரேன்."

"நீ நடப்ப. அதப் பாத்துக்கிட்டு அண்ணாச்சி சும்மா இருப்பாகளாக்கும்?"

"இருக்கிற கண்ணும் போச்சுன்னா என்னல செய்வ?"

அவன் ஊறுகாயை நக்கிவிட்டு நிதானமாகச் சொன்னான்.

"ஒத்தக்கண்ணன்கிட்ட இந்த ஊருல எவன் மெசினக் குடுப்பான்? இவுக குடுத்தாக. மெசினு கையில இருந்தா நான் ஓட்டுற ஆளு. அத வாங்கிட்டுக் கவட்டக்கம்பக் குடுத்துட்டாகன்னா நான் முள்ளு பொறுக்குற கழுத. உனக்கு அது ஒண்ணும் பெருசில்ல, நீ இன்னைக்கி இங்கன இருப்ப, நாளைக்கி எங்கயோ. எனக்கு வீடு இங்கனதான இருக்கு."

"கண்ணு போனா?"

"போனா நீ வந்து என்னயக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போ. சும்மா சுத்திக்கிட்டுதானல திரியுத."

சொல்லிவிட்டுத் துண்டை விரித்துப் படுத்தான். இரண்டு நிமிடத்தில் தூங்கிவிட்டான். தூங்கும்போது அவனுடைய இடது இமை முழுதாக மூடாது. மெசின் அவன் கால்மாட்டில் கிடந்தது. இரண்டு நட்டைக் கழற்றி, பட்டையைத் தளர்த்தி, செயினை எடுத்து, மரத்தடியில் கிடந்த என் பைக்குள் வைக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. கேட்டில் வாட்ச்மேன் என் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. உள்ளே என்ன வருகிறது என்பதுதான் அங்கே கவலை. வெளியே போவதை யாரும் பார்ப்பதில்லை.

"எங்கப்பா, பையோட?" என்று என் செல்போனை எடுத்துக் கொடுத்தார்.

"ஊருக்கு" என்றேன். எந்த ஊர் என்று அவரும் கேட்கவில்லை.

இப்படித்தான் அந்தச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். ஊர் முடியும் இடத்தில், இரண்டு அச்சகங்களுக்கு நடுவில், ஒரு பாழுங்கிணறு உண்டு. கைப்பிடிச் சுவர் இடிந்து முள் அடைத்திருந்தது. செயினைக் கைலியிலிருந்து உருவி உள்ளே விட்டேன். தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. கல்லில் விழுந்த சத்தம்தான் மேலே வந்தது. கையை மண்ணில் தேய்த்துவிட்டுச் சிவகாசி போய் விருதுநகர் பஸ் ஏறினேன்.

விருதுநகரில் காரியாபட்டி பஸ் வர இருட்டிவிட்டது. பழைய கரிமூட்டத்தில் என்னைத் தெரியும், போனால் வேலை உண்டு. படியில் கால் வைத்தபோது செல்போன் அடித்தது. கூட்டாளி. கேட்டுக்கு வெளியே வந்து பேசியிருக்கிறான்.

"எங்கல இருக்க?"

"விருதுநகர்ல."

"செயினு?"

"கெணத்துல."

சிரித்தான்.

"கோட்டிக்காரப் பயலே. ரோல்ல இன்னும் எம்புட்டுக் கெடக்கு தெரியுமா? அண்ணாச்சி அதுல ஒரு துண்டு வெட்டி லேத்துல குடுத்துக் கோத்துட்டாக. செயினு கழண்டு முள்ளுக்குள்ள விழுந்து தொலஞ்சுபோச்சுன்னு நான்தான் சொன்னேன். நீ எடுத்தன்னு சொல்லல. ஒனக்கு வயித்துவலி, வீட்டுக்குப் போயிட்டன்னு சொல்லிருக்கேன்."

"எதவச்சுக் கோத்தாக?"

"எதவச்சா? சுத்தியலவச்சு அடிச்சாக. அதுக்குன்னு உள்ள கருவி யாருட்ட இருக்கு? ஒரு ரிவிட்டு சரியா உக்காரல, ஆனா ஓடும்னாரு லேத்துக்காரரு. காலையில மாட்டணும். ஒடம்பப் பாத்துக்கோல."

வைத்துவிட்டான்.

நான் கிணற்றில் போட்டது, செயின் செய்த கம்பெனியிலேயே அளவெடுத்து, ரிவிட் அழுத்திக் கோத்த செயின். அதில் ஒரு பல்தான் இல்லை. அதன் இடத்தில் இப்போது சுத்தியலால் அடித்து இணைத்த செயின் வந்திருக்கிறது. அதற்குக் காரணம் நான். அண்ணாச்சியையோ லேத்துக்காரரையோ இதில் குறை சொல்ல இடமில்லை. காரியாபட்டி கண்டக்டர் விசில் ஊதினார். "ஏறுதீகளா இல்லையா?" என்றார். படியிலிருந்து காலை எடுத்தேன். அன்று பஸ் ஸ்டாண்டிலேயே பையைத் தலைக்கு வைத்துப் படுத்து, விடிந்ததும் முதல் பஸ்ஸில் சிவகாசி திரும்பினேன்.

கூட்டாளி சைக்கிளில் வந்து சேர எட்டரை ஆகும். நான் எட்டு மணிக்கே கேட்டில் நின்றேன். அண்ணாச்சி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மெசின் அவர் பக்கத்தில் இருந்தது.

"என்னல, வயித்துவலி தீந்துச்சா?"

"அண்ணாச்சி, பழைய செயினப் போடுங்க. மூணு நாள் கூட ஆகும், அம்புட்டுதான்."

"ஆபீசருக நாளக்கழிச்சு வாராக. நீ வந்து அவுகளுக்குப் பதில் சொல்லுவியா?"

இதைத்தான் சொல்வார் என்று பஸ்ஸிலேயே தெரியும். அடுத்து நான் சொல்லப்போவதும் தெரியும். எத்தனையோ இடத்தில் எத்தனையோ பேரைப் பற்றி ஏதேதோ பேசியிருக்கிறேன். அன்று சொன்னதைப்போல ஒன்றை அதற்கு முன்னால் சொன்னதில்லை.

"அப்படின்னா மெசின என்கிட்டக் குடுங்க. அவனுக்கு இடது பக்கம் ஒண்ணும் தெரியல. நேத்து முந்தாநாள் மெசின ரூம் சொவத்துலயே விட்டிருப்பான், நான்தான் இழுத்தேன். உள்ள எதாவது ஆச்சுன்னா போர்மேன் உங்களத்தான் கேப்பாரு. ஒத்தக்கண்ணன்கிட்ட எதுக்கு மெசினக் குடுத்தீகன்னு."

அவன் அப்படிச் சுவரில் விடப்போனதே இல்லை. ஒற்றைக் கண்ணால் அவன் பிடிக்கும் நேர்க்கோட்டை என் இரண்டு கண்ணால் பிடிக்க முடியாது. அண்ணாச்சி டீயைக் குடித்து முடித்தார். பிறகு காலால் மெசினை என் பக்கம் நகர்த்தினார்.

கூட்டாளி வந்தான். சைக்கிளிலிருந்து இறங்கும் முன்பே மெசின் என் தோளில் இருப்பதைப் பார்த்தான். "இன்னைக்கி நீ முள்ளு தள்ளுப்பா, இவன் ஓட்டட்டும். கண்ணுக்கு ஓய்வு குடு" என்றார் அண்ணாச்சி, நல்லது செய்கிறவர் போல. அவன் சைக்கிளைப் பூட்டினான், பூட்டை இழுத்துப் பார்த்தான். என் அருகே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "அந்தக் கெணத்துல நீ விழுந்திருக்கலாம்ல" என்றான். பிறகு சுவரில் சாய்த்திருந்த கவட்டைக்கம்பை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

கேட்டில் பையைத் திறந்து காட்டினேன். போர்மேன் என் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார்.

"அரம் இல்லையே?"

"இல்ல அய்யா."

கடைசி ரூமுக்குப் பின்னால் இன்னும் பாதிக் கருவேலம் நின்றது. உட்கார்ந்து செயினைக் கையால் சுற்றிப் பார்த்தேன். சுத்தியலால் அடித்த கண்ணியைக் கண்டுபிடிக்கத் தேடவே வேண்டாம். ஒரு ரிவிட்டின் தலை சாய்ந்து, நசுங்கி, ஓரத்தில் மயிரிழை போல வெடித்திருந்தது. பட்டையின் பள்ளத்துக்குள் நுழையும்போது ஒரு நொடி தயங்கி, பிறகு போனது.

கூட்டாளி என் வலது கைப்பக்கம், செயின் சுற்றும் வரிசைக்கு நேராக நின்றுகொண்டிருந்தான். "அந்தப் புங்கமரத்துக்குப் பின்னால போ மாப்ள" என்றேன். அவன் நகரவில்லை. மறுபடியும் சொன்னேன். வாளிக்காரர் என்ன விஷயம் என்று பார்த்தார். கூட்டாளி காறித் துப்பிவிட்டு, நான் சொன்னதால் இல்லை, என்னைப் பார்க்கப் பிடிக்காததால் போவது போல, புங்கமரத்துக்குப் பின்னால் போய் முதுகைக் காட்டி நின்றான். வாளிக்காரரையும் அங்கே அனுப்பினேன்.

கயிறை இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் மெசின் பிடித்தது. மெதுவாகச் சுற்றும்போது, அடித்த கண்ணி பட்டையின் நுனியைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் கையில் ஒரு தட்டுத் தட்டியது. வேகத்தைக் கூட்டியதும் தட்டுகள் சேர்ந்து ஒரே நடுக்கமாகின. முகத்தைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு முதல் மரத்தில் இறக்கினேன்.